பதினோராம் நம்பர் சட்டை



ஒரு மாதமாக டீச்சர் ஒன்றும் எழுதவில்லையே, உடம்பு சரியில்லையா என்று நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. முட்டி வலி வழக்கம்போல் இருக்கிறது. எழுத ஒரு விஷயம் இருந்தது. அது ஒரு முடிவுக்கு வரட்டும் என்று காத்திருந்தேன். இன்னும் முழு முடிவு வரவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன். நீளமான பதிவு. அடுப்பை அணைத்துவிட்டு உட்காருங்கள்.

மே மாதம், அக்னி நட்சத்திர வெயிலில், நம் கடலூரில் பெண்களுக்கான கிளப் கூடைப்பந்துப் போட்டி ஒன்று நடந்தது. 16 வயதுக்கு உட்பட்டவர்கள், மூன்று நாள். என் தங்கையின் பேத்தி (எனக்கும் பேத்திதானே) சென்னையில் ஒரு கிளப்பில் ஆடுகிறாள். அவளும் அவள் தோழிகள் மூன்று பேரும் திருப்பாதிரிப்புலியூரில் என் வீட்டில்தான் தங்கினார்கள். காலையில் ஒரு ஈடு இட்லி ஊற்றிப் பழகிய வீட்டில் நாலு ஈடு. மூன்றாம் நாள் மாவு தீர்ந்துபோய் கடையில் பாக்கெட் மாவு வாங்கினேன். என் ஆயுளில் முதல் தடவை. அந்த வெட்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மைதானத்துக்குப் போக வர ஆட்டோ. ஓட்டியவன் நம் பழைய மாணவன்தான், 1994-ல் எட்டாம் வகுப்பு. ரயிலடி ஸ்டாண்டில் வண்டி போடுகிறான். பெயர் போட வேண்டாம் டீச்சர் என்று சொல்லிவிட்டான். அந்த வருடத்துப் பிள்ளைகளுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். முதல் நாள் கெடிலம் பாலத்தைத் தாண்டும்போது கண்ணாடியில் என்னைப் பார்த்து, "என் பொண்ணும் ஆடுது டீச்சர். 11-ம் நம்பர் சட்டை. சும்மா ஆடும்" என்றான். எட்டாம் வகுப்பு முடித்திருக்கிறாளாம். ஊரில் ஒருவர் காலை வேளையில் காசு வாங்காமல் சொல்லிக்கொடுக்கிறார், அங்கே போகிறாளாம். "அப்படியா, சந்தோஷம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். பின்னால் நான்கு பெண்களும் சேர்ந்து ஒரே பாட்டை ஆளுக்கொரு சுருதியில் பாடிக்கொண்டு வந்ததில் அதற்கு மேல் பேச முடியவில்லை.

எனக்குக் கூடைப்பந்து பற்றி என்ன தெரியும் என்று சிலர் நினைப்பீர்கள். நான் ஆசிரியர் பயிற்சி படித்தபோது எங்களுக்கு பி.டி. வகுப்பு எடுத்தவர் சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்து வந்தவர். 1920-ல் ஹாரி பக் என்ற அமெரிக்கர் தொடங்கிய கல்லூரி அது. இந்த விளையாட்டை நம் நாட்டுக்குக் கொண்டுவந்ததும் ஒய்.எம்.சி.ஏ.காரர்கள்தான். 1891-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்கிற ஆசிரியர், பனிக்காலத்தில் பிள்ளைகளை உள்ளேயே ஓடவிட வழி தேடி, பீச் பழக் கூடை இரண்டைச் சுவரில் அடித்து, 13 விதி எழுதி உண்டாக்கிய ஆட்டம் என்று எங்களுக்குப் பாடமே உண்டு. பரீட்சையில் கேட்டார்கள், எழுதினேன். அதோடு சரி. நான் வேலை பார்த்த நடுநிலைப் பள்ளியில் பி.டி. வாத்தியாரும் கிடையாது, வளையமும் கிடையாது. விசில் மட்டும் என் கைப்பையில் இருக்கும். உங்களுக்கெல்லாம் தெரியும்.

மைதானத்தில் நிழலுக்கு ஒரே ஒரு வேப்பமரம். அதன் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். என்னைவிட நாலைந்து வயது குறைவு. உட்கார்ந்திருக்கும்போதே உயரம் தெரிந்தது. கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு, பென்சில். பேச்சுக் கொடுத்தேன். ரயில்வேக்கு ஆடி ஓய்வு பெற்றவராம். இப்போது வெளி மாவட்டத்தில், விளையாட்டுப் பெண்களுக்கு விடுதி வைத்திருக்கும் ஒரு பள்ளிக்காக ஆள் தேட வந்திருக்கிறார்.

"நானும் பொண்ணு பார்க்கத்தான் வந்திருக்கேன் டீச்சர். பஜ்ஜி சொஜ்ஜிதான் இல்லை" என்றார்.

எனக்கு அந்த அம்மாவைப் பிடித்துவிட்டது. மூன்று நாளும் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.

முதல் ஆட்டத்தில் ஏழாம் நம்பர் சட்டை போட்ட ஒரு பெண் பந்தை வாங்குவதும் தெரியாது, போடுவதும் தெரியாது. வளையத்துக்குள் விழுந்துகொண்டே இருந்தது. கூட்டம் கத்துகிறது. அப்பாக்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கோட்டுக்குள்ளேயே வந்துவிட்டார்கள். நான் அந்த அம்மாவிடம், "இந்தப் பொண்ணைத்தானே எழுதறீங்க?" என்று கேட்டேன். நோட்டைத் திருப்பிக் காட்டினார். ஏழாம் நம்பருக்கு நேரே ஒரு சின்னப் புள்ளி. அவ்வளவுதான்.

"40 நிமிஷ ஆட்டம். பத்துப் பேருக்கு ஒரு பந்து. சமமாப் பங்கு போட்டா ஆளுக்கு 4 நிமிஷம். மீதி 36 நிமிஷம் அவ என்ன பண்றா? அதைப் பார்க்கத்தான் என்னை அனுப்பியிருக்காங்க. கூடையில போட்டதை ஸ்கோர் ஷீட்டே சொல்லிடும். அதுக்கு நான் எதுக்கு பஸ் ஏறி வரணும்?"

கணக்கு டீச்சரான எனக்கு இந்தக் கணக்கு தோன்றவே இல்லை பாருங்கள்.

பிறகு எனக்கு ஒரு வேலை கொடுத்தார். "ஐந்து நிமிஷம் பந்தை மறந்துடுங்க. ஒரே ஒரு பொண்ணை மட்டும் பாருங்க." முயன்று பார்த்தேன். சொல்வது சுலபம், கண் தானாகப் பந்தின் பின்னால் ஓடிவிடுகிறது. மூன்று தடவை தோற்று நாலாவது தடவைதான் முடிந்தது. ஏழாம் நம்பரையே பார்த்தேன். பந்து கையை விட்டுப் போனதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். எதிர் அணி திரும்பி ஓடும்போது இரண்டு அடி நடந்து, பிறகுதான் ஓடினாள். தோழி தவறவிட்டால் முகத்தைச் சுளித்தாள். திறமைக்குக் குறைவில்லை, குழந்தைதானே, யாராவது சொல்லிக்கொடுத்தால் மாறுவாள் என்று அந்த அம்மாவும் சொன்னார். அதற்குத்தான் புள்ளியாம். கோடு போட்டால்தான் இல்லை என்று அர்த்தமாம்.

அந்த மூன்று நாளில் அவர் எதையெல்லாம் பார்த்தார் என்று நினைவில் இருக்கிறவரை எழுதுகிறேன். ஆட்டம் தொடங்க முக்கால் மணி நேரம் முன்பே வந்துவிடுவார். யார் கோச் சொல்லாமலே கால் நீட்டி மடக்கித் தயாராகிறாள், யார் செல்ஃபி எடுக்கிறாள் என்பதைப் பார்ப்பார். குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கம் மடங்குகிறதா என்று பார்ப்பார். இது எனக்குப் புதிய விஷயம். குதித்துத் திரும்பும் விளையாட்டுகளில் முட்டியின் உள்ளே இருக்கும் தசைநார் கிழிவது ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளுக்குப் பல மடங்கு அதிகமாம். முட்டி நேராக இருக்கும்படி இறங்கச் சொல்லிக்கொடுத்தால் பெருமளவு தடுக்கலாம் என்றார். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத ஊர்களில் பதினைந்து வயதிலேயே நொண்டிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

உயரத்தை அவர் அளக்கவே இல்லை. "பதின்மூணு வயசுல உயரம் பார்த்து என்ன பண்றது? பாதத்தைப் பாருங்க, உள்ளங்கையைப் பாருங்க. அப்புறம் அம்மா எவ்வளவு உயரம்னு பாருங்க" என்றார். இடைவேளையில் அணித் தாய்மார்கள் தண்ணீர் கொடுக்க வரும்போது இவர் கண் அங்கே போகும். வளையம் 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அது யாருக்காகவும் கீழே இறங்கி வராது, அதனால் உயரம் வேண்டும்தான். ஆனால் உயரத்தை மட்டும் பார்த்து எடுத்து ஏமாந்த கதைகளும் அவரிடம் நிறைய இருந்தன.

எனக்கு மிகவும் பிடித்தது அவர் பெஞ்சைப் பார்த்ததுதான். வெளியே உட்கார வைத்த பெண், ஆட்டத்தைப் பார்க்கிறாளா, ஷூ நாடாவை நோண்டுகிறாளா? கோச் திட்டியதற்கு அப்புறம் வரும் முதல் இரண்டு நிமிஷம் எப்படி ஆடுகிறாள்? கீழே விழுந்த எதிர் அணிப் பெண்ணுக்குக் கை கொடுக்கிறாளா? அது நல்ல குணத்துக்காக இல்லையாம். "கை கொடுக்கிறவளுக்கு அடுத்து என்ன நடக்கும்கிற பயம் இல்லைன்னு அர்த்தம்" என்றார். இது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் வகுப்பறையில் முதல் பெஞ்சில் கையைத் தூக்கிக்கொண்டே இருக்கும் பிள்ளையை மட்டும் பார்த்துப் பழகிய எனக்குக் கொஞ்சம் சுருக்கென்று இருந்தது.

நம் பேத்தி எப்படி ஆடினாள் என்று கேட்பீர்கள். நன்றாகத்தான் ஆடினாள். அவளைப் பற்றி என்ன எழுதினீர்கள் என்று மெதுவாகக் கேட்டேன். அந்த அம்மா யோசித்துவிட்டு, "நல்லாப் படிக்கிற பொண்ணா டீச்சர்?" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று புரிந்து நான் சிரித்த சிரிப்பில் ரெஃப்ரியே திரும்பிப் பார்த்தார். அவள் அம்மா இதைப் படித்தால் என்னிடம் கோபித்துக்கொள்ளக் கூடாது.

பேச்சுவாக்கில் அந்த அம்மா சொன்ன ஒரு பெயரை நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும். அனிதா பால்துரை. சென்னைப் பெண். 19 வயதில் இந்திய மகளிர் அணிக்குக் கேப்டன். ஆசிய சாம்பியன்ஷிப் போட்டிகளில் ஒன்பது முறை ஆடியவர். தெற்கு ரயில்வேயில் வேலை. திருமணமாகிக் குழந்தை பெற்ற பிறகு திரும்பி வந்து, 2017-ல் பெங்களூருவில் நடந்த ஆசியக் கோப்பை 'பி' பிரிவில் இந்தியா ஜெயித்த அணியில் இருந்தார். இறுதி ஆட்டத்தில் கஜகஸ்தானை 75-73 என்று இரண்டே புள்ளியில் வென்றார்கள். 2021-ல் பத்மஸ்ரீ. நம் தமிழ்நாட்டுப் பெண். இத்தனை வருடம் பொது அறிவுப் போட்டி நடத்திய எனக்கு, பெயர் சொல்லும்வரை தெரியாது. கிரிக்கெட் என்றால் பன்னிரண்டாவது ஆள் பெயர் வரை கேட்டிருப்பேன். தெற்கு ரயில்வேக்கு ஆடிய இன்னொருவர் கேரளத்துக் கீது அன்னா ஜோஸ். 2011-ல் அமெரிக்காவின் மகளிர் தொழில்முறை லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ. அணிகளின் தேர்வுக்குப் போனவர். இவர்களுக்கெல்லாம் ரயில்வே வேலை என்பது சம்பளம் மட்டும் இல்லை, காலையும் மாலையும் ஆட ஒரு இடம் என்றார் அந்த அம்மா. வேலை இல்லையென்றால் இருபத்திரண்டு வயதில் வீட்டில் கல்யாணம் பேசி ஆட்டத்தை முடித்துவைப்பார்கள்.

இரண்டாம் நாள் மாலை. விளக்கு போட்டு ஆட்டம். நம் ஊர் கிளப்புக்கும் வேறொரு அணிக்கும். நம்மவர்கள் தோற்றுவிட்டார்கள், 20 புள்ளிக்கு மேல் வித்தியாசம். ஆட்டோக்காரன் மகளைப் பார்த்தேன். ஒல்லி, கருப்பு, சட்டை முழங்கால் வரை தொங்குகிறது. மொத்தமே ஒரு கூடை போட்டாள், இரண்டு புள்ளி. 'சும்மா ஆடும்' என்று அவன் சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு இரண்டு நாள் பயிற்சி ஆகியிருந்தது என்பதையும் ஞாபகம் வையுங்கள். ஆனாலும் பார்க்கவில்லை. தெரிந்தவன் பிள்ளை என்பதாலேயே பார்த்தாகிவிட்டது என்று மனசு முடிவு கட்டிவிடும் போல.

அந்த அம்மா நோட்டில் வட்டம் போட்டார். மூன்று நாளில் அவர் போட்டதே இரண்டு வட்டம்தான். எட்டிப் பார்த்தேன். 11.

"அந்தப் பொண்ணா?" என்றேன். என் குரலில் இருந்த ஆச்சரியம் எனக்கே பிடிக்கவில்லை.

"பாருங்க" என்றார். கடைசிப் பத்து நிமிஷம் பந்தை விட்டுவிட்டு அவளையே பார்த்தேன். ஆட்டம் எப்போதோ கைவிட்டுப் போயிருந்தது. அவள் அணியில் மற்றவர்கள் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். இவள் மட்டும் பந்து பறிபோன ஒவ்வொரு தடவையும் திரும்பி முதல் மூன்று அடியைப் பாய்ந்து வைத்தாள். வாய் ஓயவில்லை. "வலது பக்கம் வர்றா", "நான் இருக்கேன், நீ போ", "திரும்பு, திரும்பு" என்று தன்னைவிடப் பெரிய பெண்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள். எறிந்த பந்து பலகையில் பட்டுத் திரும்பும் முன்னால், அது எங்கே விழும் என்று தெரிந்த மாதிரி அங்கே போய் முதுகால் இடம் பிடித்து நின்றாள். கைக்கு வந்த பந்தை உடனே வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டாள். ஸ்கோர் ஷீட்டில் இதில் எதற்கும் கட்டம் கிடையாது. ஒரு முறை பக்கவாட்டில் போன பந்தை ஒற்றைக் கையால், இடது கையால், எட்டிப் பிடித்தாள்.

அந்த இடது கையைப் பார்த்ததும் எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது. ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

ஆட்டம் முடிந்ததும் அந்த அம்மா அவளைக் கூப்பிட்டு முதலில் சொன்னது, "ஷூவைக் கழட்டு." அக்காளுடைய பழைய ஷூ. ஒரு அளவு பெரிசு. விரல் பக்கம் துணி திணித்திருக்கிறது. குதிகாலில் கொப்புளம் உடைந்து சாக்ஸோடு ஒட்டியிருந்தது. "இதோட இரண்டு நாளா ஆடினியா?" என்றதற்கு, "வலிக்கலை மேடம்" என்றாள். பொய்.

மறுநாள் இரவு பேத்திகளை ரயிலேற்றிவிட்டுத் திரும்பும்போது ஆட்டோவில் நான் மட்டும்தான். அவன் வண்டியை என் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, இறங்கி, முன்னால் வந்து நின்றான். அந்த அம்மா அவனிடம் பேசியிருக்கிறார். ஒன்பதாம் வகுப்பில் சேர்த்துக்கொள்கிறோம், தங்குவது, சாப்பாடு, படிப்பு எல்லாம் இலவசம் என்று. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் அரசு விளையாட்டு விடுதிகளுக்கும் 7, 8, 9, 11-ம் வகுப்பில் சேர்பவர்களுக்குத் தேர்வு நடக்கும், அதற்கும் விண்ணப்பம் போடுங்கள், எது நல்லதோ அதில் சேருங்கள் என்றும் அவரே சொல்லியிருக்கிறார். தனக்கு மட்டும் ஆள் பிடிக்க வந்தவர் அப்படிச் சொல்ல மாட்டார்.

"நீங்க சொல்லுங்க டீச்சர். அனுப்பலாமா?"

பிள்ளைகளே, இந்தக் கேள்வியை இதே வார்த்தையில் என்னிடம் இதற்கு முன் ஒருவர் கேட்டிருக்கிறார். 1994-ல். அவர் கடலூர் முதுநகரில் மூட்டை தூக்குகிறவர். அவர் பெண் இவன் வகுப்பில்தான் படித்தாள். தூங்குகிற பிள்ளைகள் மேல் நான் சாக்பீஸ் எறிவேன் என்று இன்றைக்கும் கேலி செய்வீர்களே, அந்த வருடம் நான் எறிந்த சாக்பீஸ் ஒன்றுகூடக் குறிபோய்ச் சேர்ந்தது இல்லை. நடுவில் உட்கார்ந்திருந்த அவள் இடது கையை நீட்டிப் பிடித்துவிடுவாள். பிடித்துவிட்டுச் சாமர்த்தியமாகக் கொண்டுவந்து மேசையில் வைப்பாள். வகுப்பே சிரிக்கும். குறுவட்ட விளையாட்டுப் போட்டிக்குக் கூட்டிப்போனேன். எறிபந்தில் அவள் ஆடியதைப் பார்த்து வேறொரு பள்ளியின் பி.டி. வாத்தியார் என்னைத் தேடி வந்தார். "டீச்சர், இந்தப் பொண்ணோட கையைப் பார்த்தீங்களா? பாதத்தைப் பார்த்தீங்களா? இன்னும் நல்லா வளரும். கூடைப்பந்துக்கே பிறந்தது. விளையாட்டு விடுதித் தேர்வுக்கு அனுப்புங்க" என்று படிவத்தை அவரே வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தார்.

அவள் அப்பா வந்து கேட்டார். அனுப்பலாமா டீச்சர். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பொம்பளைப் பிள்ளையை வெளியூர்ல விடுதியில விட்டுட்டு நீங்க இங்க தூங்குவீங்களா? பத்தாவது முடிக்கட்டும். அப்புறம் டீச்சர் டிரெயினிங் போட்டுடலாம்." கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என்னைக் கரையேற்றியது அந்த இரண்டு வருட டிரெயினிங்தான். கல்லைக் கட்டிக் கடலில் போட்ட அப்பர் சுவாமிகள் மிதந்து வந்து ஏறிய ஊர் இது. எனக்கு அந்தப் பட்டயச் சான்றிதழ்தான் மிதக்கும் கல்லாக இருந்தது. அதனால் எல்லாப் பெண்களுக்கும் அந்த ஒரே கல்தான் என்று நினைத்துவிட்டேன். மனுஷர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். படிவம் என் மேசை டிராயரில் கிடந்தது. அடுத்த வருடம் டிராயரைச் சுத்தம் செய்யும்போது நான்தான் கிழித்துப் போட்டேன். அவள் ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போனாள், பாதியில் நின்றுவிட்டாள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். விசாரிக்கவில்லை.

நெய்ஸ்மித் கூடை மாட்டிய அடுத்த வருடமே அமெரிக்காவில் ஒரு பெண்கள் கல்லூரியில் சென்டா பெரென்சன் என்கிற ஆசிரியை இந்த ஆட்டத்தைப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆனால் பெண்கள் அதிகம் ஓடி மூச்சுவாங்கக் கூடாது என்று மைதானத்தை மூன்றாகக் கோடு போட்டுப் பிரித்து, ஒரு பகுதிப் பெண் அடுத்த பகுதிக்குப் போகக் கூடாது என்று விதி வைத்தார்களாம். டிரெயினிங்கில் இதைப் படித்தபோது சிரித்தது ஞாபகம் இருக்கிறது.

வாசலில் நின்றவனிடம் உடனே பதில் சொல்ல முடியவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி போட்டேன். காபி போட்டுக்கொண்டே 1994 கதையைச் சொன்னேன். பெயரைச் சொல்லவில்லை.

"நம்ம சாக்பீஸ் பிடிக்கிறவதானே டீச்சர்?" என்றான். சமையலறையிலேயே நின்றுவிட்டேன்.

"அவ திருப்பூர்ல இருக்கா. பனியன் கம்பெனியில சூப்பர்வைசர். ரெண்டு பசங்க. நல்லாத்தான் இருக்கா. போன மாசி மகத்துக்கு வந்திருந்தா, ரயிலடியில பார்த்தேன். தண்ணி பாட்டிலைத் தூக்கிப் போட்டேன், இப்பவும் அதே கையால பிடிக்கிறா."

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளா?"

"அதெல்லாம் இல்லை டீச்சர்" என்றான். கொஞ்சம் வேகமாகச் சொன்னான்.

இந்த முறை ஒன்று செய்தேன். அன்றைக்குச் செய்யாதது. அடுத்த நாள் அவன் பெண்ணையே வரச்சொல்லிக் கேட்டேன். "உனக்குப் போகணுமாம்மா?" அவள் அப்பாவையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. "அங்க உள்ளரங்கத்துல மரத் தரையாம் டீச்சர். இங்க சிமெண்ட். விழுந்தா தோல் உரியும்" என்றாள். அவளுக்குத் தெரிந்த விதத்தில் பதில் சொல்லிவிட்டாள்.

அவள் அம்மா சம்மதிக்கவில்லை. நியாயம்தான். வயதுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, பஸ்ஸில் நாலு மணி நேரம் தள்ளி இருக்கிற ஊர். நான் அவரிடம் நம் ஊர்ப் பெண்களைப் பற்றிச் சொன்னேன். கூடைப்பந்து இல்லை, கால்பந்து. இந்துமதி கதிரேசன் கடலூர்ப் பெண், இந்தியாவுக்கு ஆடினார், காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். சந்தியா ரங்கநாதனும் நம் மாவட்டத்துப் பெண், இந்தியாவுக்கு ஆடியவர். இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்வி அகாதமி என்று நம் ஊரிலேயே ஒன்று வளர்ந்து, தேசிய மகளிர் லீக் வரை போய் ஆடியது. 2018-ல் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரைத் தோற்கடித்துத் தேசியப் பட்டத்தை எடுத்தார்கள். அரசு வேலையில் விளையாட்டுக்காரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு அந்த அம்மா ஒரே கேள்வி கேட்டார்: "கால் உடைஞ்சா என்ன பண்ணுவாங்க டீச்சர்? திருப்பி அனுப்பிடுவாங்களா?"

பத்மஸ்ரீ, தேசியப் பட்டம் என்று நான் அடுக்கியதெல்லாம் அந்த ஒரு கேள்விக்கு முன்னால் நிற்கவில்லை.

அதனால் நாங்கள் நான்கு பேரும் போய்ப் பார்த்தோம். நான், அவன், அவன் மனைவி, பெண். விடுதியில் நான் கேட்ட கேள்விகளில் அந்த வார்டன் கொஞ்சம் மிரண்டுவிட்டார் என்று நினைக்கிறேன். இன்ஸ்பெக்ஷனுக்கு வரும் ஏ.இ.ஓ.வை நாம் பார்த்த மாதிரி என்னைப் பார்த்தார். இரவில் வார்டன் அதே கட்டடத்தில் தூங்குகிறாரா? கழிப்பறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா? (இரண்டில் இல்லை. எழுதிக்கொண்டார்கள்.) மாதவிலக்கு நாட்களில் ஓய்வு கேட்டால் யாரிடம் கேட்பது, ஆணிடமா பெண்ணிடமா? வீட்டோடு வாரம் எத்தனை முறை போன் பேசலாம்? பத்தாம் வகுப்புப் பரீட்சை வருடத்தில் வெளியூர்ப் போட்டி எத்தனை? போன ஐந்து வருடத்தில் இங்கே சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பாதியில் போனார்கள், ஏன்? கடைசியாக அவள் அம்மாவின் கேள்வி. ஆட முடியாத காயம் பட்டால்?

"படிப்பு முடியறவரைக்கும் இங்கேயே இருக்கலாம்" என்றார்கள். "எழுதிக் கொடுங்க" என்றேன். நிர்வாகத்திடம் கேட்டுத் தருகிறோம் என்றார்கள். உள்ளரங்கத்தைப் பார்க்கப் போனபோது அவள் செருப்பைக் கழற்றிவிட்டு மரத் தரையில் வெறுங்காலோடு ஒரு சுற்று நடந்தாள். ஓடவில்லை. அவள் அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் யாரும் அதிகம் பேசவில்லை.

கடிதம் போன வெள்ளிக்கிழமை வந்துவிட்டது, முத்திரையோடு. அரசு விடுதித் தேர்வுக்கும் போய் வந்தாள், முடிவு இன்னும் வரவில்லை. அவள் அம்மா கடிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டு, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார். "யோசிச்சுச் சொல்றேன் டீச்சர்" என்று சொல்லியிருக்கிறார். நான் அதற்கு மேல் தள்ளவில்லை. ஒரு முறை ஒரு தகப்பனார் என் பேச்சை மட்டும் கேட்டுக்கொண்டு போனது போதும்.

ஷூ வாங்கியாகிவிட்டது. அளவு எடுத்து, துணி திணிக்காத ஷூ. யாரும் ஜிபேயில் பணம் அனுப்ப வேண்டாம், அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

1994 எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் யாரிடமாவது திருப்பூரில் இருக்கிறவளின் போன் நம்பர் இருந்தால், முதலில் அவளிடம் கேட்டுவிட்டு எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். கருத்துப் பெட்டியில் போடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு என்றால், அன்றைக்கு அவளுக்கு வசதியான நேரம் எது என்றும் கேட்டுச் சொல்லுங்கள்.